கதை முடிந்தால்தான் சாப்

பாய்,

என் மூக்குக் கண்ணாடிக் கூட்டின் மேல் வலது கையை வைத்து, பினாங்குத் தீவும் அதைச் சுற்றிக் கிடக்கும் கடலும் சாட்சியாக ஒரு சத்தியம் செய்கிறேன். நான் இப்போது சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்புவதற்கு நீ ஒருவன் இருந்தாய். நீயும்கூட முழுசாக நம்பியதில்லை. "மச்சான், நீ சொல்றதப் பத்தால வகுத்தாத்தான் உண்மை வரும்" என்பாய். வகுத்துக்கொண்டே கடைசிவரை கேட்பாய். இப்போது வகுக்க ஆளில்லாமல் என் பொய்கள் எல்லாம் முழு உருவத்தில் வீட்டுக்குள் உலாத்துகின்றன. உட்கார நாற்காலி போதவில்லை.

கதை இதுதான்: தொழிற்சாலை வாசலில் இருந்த உன் மேசை எப்படிப் போனது, யாரால் போனது.

போன செவ்வாய்க்கிழமை கண் கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. நோயாளிகள் வழி தெரியாமல் அலையக்கூடாது என்று யாரோ அப்போதுதான் கறுப்பு மார்க்கரால் வரைந்திருந்தார்கள். பதிவு ஒரு பெட்டி, அதிலிருந்து ஓர் அம்பு. பார்வைச் சோதனை ஒரு பெட்டி, அதிலிருந்து ஓர் அம்பு. இப்படியே போய் நான்காவது பெட்டி, கண்ணுக்குச் சொட்டு மருந்து. மை இன்னும் காயவில்லை. அந்த மார்க்கர் வாசனை மூக்கில் ஏறியதும், சொட்டு மருந்து போடாமலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு படத்தை உற்றுப் பார்த்தேன். மருந்துப் பெட்டிக்குள் போகிற அம்பு இருந்தது. வெளியே வருகிற அம்பு இல்லை. படத்தின்படி பார்த்தால், அந்தக் கிளினிக்கில் சொட்டு மருந்து போட்டுக்கொண்ட ஒருவரும் இன்றுவரை வீடு திரும்பியதில்லை. அவர்கள் குடும்பத்தார் காத்திருந்து களைத்துப்போய், மறுமணம்கூடச் செய்திருப்பார்கள்.

"மிஸ்ஸி, நாலாவது பொட்டிக்குள்ள போனவங்க வெளிய வர வழியே இல்லையேம்மா" என்று நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"என்னா அங்கிள்?"

"அம்பு. ஒரு அம்பு கொறையுது பாரு."

அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். "அட, ஆமாலா! இந்தாங்க, நீங்களே போட்டுருங்க" என்று மார்க்கரை நீட்டினாள். எழுந்து போய்ப் போட்டேன். அம்பு கோணலாகப் போனது. போட்டுவிட்டு, "எப்படி?" என்று கேட்கப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு சீனப் பெரியவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நிமிடத்தில்தான் இந்த மடலை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில், நம் தொழிற்சாலை பிளாஸ்டிக் மூடி செய்தது. பாட்டிலோ டப்பாவோ அல்ல, வெறும் மூடி. ஒரு நாளில் நாம் செய்த மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவைத் தொட்டு, அங்கே இடம் போதாமல் வளைந்து வந்து, கொம்தார் கட்டடத்தின் தலையில் ஒரு முட்டு முட்டும். நான் பேக்கிங் பகுதி சூப்பர்வைசர். நீ வாசல் மேசைக்காரன். பெட்டிகள் லோரியில் ஏறியதும் சரக்குத் தாளை நான் எடுத்துக்கொண்டு உன்னிடம் வருவேன். நீ எண்ணிக்கையைச் சரிபார்த்து, அந்த வட்டமான நீல முத்திரையை, நம் சாப்பை, எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்துவாய். சாப் விழுந்தால்தான் லோரி நகரும். அப்போதெல்லாம் நான் உன்னைத் துறைமுக அதிகாரி, குடிநுழைவு அமைச்சர், சொர்க்க வாசல் காவலாளி என்று பல பட்டங்களால் கூப்பிட்டு வந்தேன். "சரி சரி, தே ஆறிப்போவுது, உக்காரு" என்பாய்.

நான் உட்காருவேன். பிளாஸ்கிலிருந்து தேநீர், மூடியில் எனக்கு, கப்பில் உனக்கு. பிறகு ஒரு கதை. பிறை ஆற்றில் என் தாத்தா முதலையோடு மூன்று நாள் மல்லுக்கட்டி, நான்காம் நாள் அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்த கதையை நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய்! சாப்பைக் கையில் பிடித்தபடியே கேட்பாய். "அடிச்சிட்டுக் கேளு பாய்" என்றால் தலையாட்டுவாய். "கதை முடிஞ்சாத்தான் சாப். பாதியில அடிச்சா ராசியில்ல."

வாடிக்கையாளர்கள் புகார் எழுத ஆரம்பித்தார்கள். லோரி தாமதம், லோரி தாமதம் என்று. மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ஒரு நிறுவனத்தில் வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படமாக வரைந்து, எங்கே அடைக்கிறது என்று கண்டுபிடித்துச் சீராக்குகிற வகுப்பு. செபராங் ஜெயாவில், ஆறு சனிக்கிழமை.

அந்த ஆறு சனிக்கிழமைகள்தான் பாய், என் படிப்பு எல்லாம். விடிந்ததும் உன் மோட்டார் சைக்கிளின் பின்னால் தொற்றிக்கொள்வேன். ஃபெரியில் ஏறியதும் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, வீட்டுப்பாடம் யார் செய்யவில்லை என்று சண்டை போடுவோம். எப்போதும் நான்தான் செய்யாமல் வந்திருப்பேன். "ஃபெரி அக்கரைக்குப் போறதுக்குள்ள பாத்து எழுது" என்று உன் நோட்டை நீட்டுவாய்.

பாடம் எடுத்த மிஸ் வசந்திக்கு நம் வயதில் பாதிதான். முதல் நாள் நம் லோரி வேலையை வரையச் சொன்னார். கம்பெனி விதிப்புத்தகத்தில் உள்ளபடி ஐந்து பெட்டி, நான்கு அம்பு, ரூல் தடி வைத்து வரைந்தோம். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது.

"அங்கிள், உங்க ஃபேக்டரியில யாரும் தே குடிக்க மாட்டாங்களா? யாரும் எதையும் மறக்க மாட்டாங்களா?"

"மிஸ், எங்க ஃபேக்டரியில மனுசங்களே கெடையாது. எல்லாம் தேவர்கள்" என்றேன்.

"நடக்கணும்னு இருக்கறத வரையாதீங்க. நடக்கறத வரைங்க" என்றார். வேலை ஒவ்வொன்றையும் மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதச் சொன்னார். எங்கே வேலை காத்துக் கிடக்கிறதோ அங்கே ரோஸ் தாள். ரோஸ் தாளில் மூன்று வரி வேண்டும்: இடம், நேரம், காரணம். "காரணம் எழுதாத ரோஸ் தாள் வெறும் புகார்தான் அங்கிள்." நீ அதைச் சட்டைப்பை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாய். நான் உன் நோட்டின் ஓரத்தில் ஒரு முதலை வரைந்தேன்.

அப்புறம் வந்தது நோன்பு மாதம். சொந்தப் பேட்டையில் நடக்கும் ஏதாவது ஒரு வேலையைச் சீராக்கிக் காட்டுங்கள் என்று வீட்டுப்பாடம். டத்தோ கிராமாட்டில் உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தொழுகைக்கூடத்தில், அந்த சூராவில், நோன்புக் கஞ்சி கொடுப்பார்களே, அதை எடுத்துக்கொண்டோம். கஞ்சி காய்ச்சும் அந்தக் கிடாரத்துக்குள் ஃபெரி ஒன்று தாராளமாகப் போய்த் திரும்பி வரலாம். கஞ்சியைத் துடுப்புப் போட்டுத்தான் கிண்டினார்கள் என்பதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? சாயந்திரம் அசர் தொழுகை முடிந்ததும் தூக்குச்சட்டிகளோடு ஒரு வரிசை நிற்கும். ஒரே கரண்டி. ஒவ்வொரு சட்டியையும் திறந்து, "வீட்ல எத்தன பேரு? மகனுக்கு ஒடம்பு தேவலையா?" என்று விசாரித்து, ஊற்றி, மூடிக் கொடுப்பார்கள். வரிசை முடிய நாற்பது நிமிடம் ஆனது.

நாம் இரண்டு மேதைகளும் இறங்கினோம். காலையிலேயே சட்டிகளை வாங்கி எண் ஒட்டினோம். இரண்டு கரண்டி. முன்கூட்டியே நிரப்பி வரிசையாக வைத்தோம். ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. முதல் நாள் நாம் இருவரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்ற நிற்பு இருக்கிறதே! ஐக்கிய நாடுகள் சபையிலிருந்து ஆள் வருவார்கள், சட்டையை இஸ்திரி போட்டு வை என்று உன்னிடம் சொல்லியிருந்தேன்.

நான்காம் நாள், தினமும் வரிசைக்கு வரும் பெரியவர் கனி மாமா நிறைந்த சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சூராவின் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். நீதான் போய்க் கேட்டாய்.

"என்னா மாமா, கஞ்சி வாங்கியாச்சுல்ல? வெயில்ல உக்காந்திருக்கீங்க?"

"வாங்கியாச்சு தம்பி. சட்டுனு குடுத்துட்டீங்க, நல்லா இருங்க. இப்ப பாங்கு சொல்ற வரைக்கும் நான் யார்கிட்டப் பேசுறது?"

"வீட்டுக்குப் போய் கொஞ்சம் படுங்களேன் மாமா" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"வீட்ல யாருப்பா இருக்கா?"

நீ போய் இரண்டு கரண்டிகளில் ஒன்றைக் கழுவி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாய். அடுத்த சனிக்கிழமை நம் தாளில் "பழைய நிலை" என்று ஒரு படம், "புதிய நிலை" என்று அதே படம். மிஸ் வசந்தி புருவத்தைச் சுருக்கினார்.

"மிஸ், கஞ்சி வாங்குறது ஒரு வேல. ஆளப் பாக்குறது இன்னொரு வேல. ரெண்டும் ஒரே வரிசையில நடந்துச்சு. நாங்க ஒண்ணுக்கு மட்டும் படம் போட்டுட்டோம்" என்று நீ சொன்னாய்.

அவர் அந்தத் தாளை உன் கையில் கொடுத்தார். "இத முன்னால வந்து எல்லாருக்கும் சொல்லுங்க அங்கிள்." நீ வெட்கப்பட்டு என்னைத் தள்ளிவிட்டாய். "அவன் சொல்லட்டும் மிஸ். அவன் சொன்னா பத்து மடங்காத் தெரியும்." நான் போய்ச் சொன்னேன். கனி மாமாவுக்கு நூற்றுப் பன்னிரண்டு வயது ஆனது, வரிசை கடற்கரைவரை நீண்டது, வகுப்பே கைதட்டியது. ஆனால் நான் சொன்னதில் நல்ல வரி எது என்று கேட்டால், நீ எனக்குக் கொடுத்தனுப்பிய வரிதான்.

பிறகு நம் லோரிப் படம். கூட்ட அறைச் சுவர் முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டி, இரண்டு வாரம் அளந்தோம். பேக்கிங்கை நான் அளந்தேன். வாசல் மேசையை நீயே கடிகாரம் பிடித்து அளந்தாய். யாராவது சொந்தத் தலைக்குத் தானே கத்தி பிடிப்பார்களா? நீ பிடித்தாய். சாப் அடிக்க ஆகும் நேரம், நான்கு விநாடி. உன் மேசையில் சரக்குத் தாள் கிடக்கும் நேரம், இரண்டு மணி பத்து நிமிடம். சுவர் முழுக்க மஞ்சள் பூத்திருக்க, உன் பெட்டியின் மேல் மட்டும் ஒரு ரோஸ் தாள்.

இனி வருவதுதான் நான் ஊருக்கெல்லாம் சொன்ன பகுதி. வெள்ளிக்கிழமை நீ ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தபோது, அந்த ரோஸ் தாளை நான் பிய்த்து எடுத்துவிட்டேன். என் நண்பனின் மேசையைக் காப்பாற்ற! திங்கட்கிழமை பார்த்தால் அதே இடத்தில் நீ இன்னொரு ரோஸ் தாள் ஒட்டியிருந்தாய். மேனேஜர் அதைப் படித்து, "அப்படியானால் இந்த மேசையே வேண்டாம்" என்றார். நான் புலியாகப் பாய்ந்தேன். மேசையை ஒரு தட்டுத் தட்டியதில் பட்டர்வொர்த்தில் ஜன்னல்கள் அதிர்ந்தன. "அந்த மேசை போனால் நானும் போகிறேன்" என்று கர்ஜித்தேன். மேனேஜர் கண்ணீர் விட்டார். இருந்தும் விதி வென்றது.

மேசை போய்விட்டது. பேக்கிங் பகுதியிலேயே ஸ்கேனர் வைத்தார்கள். லோரிகள் நேரத்துக்குப் புறப்பட்டன. உன்னைப் பின்பக்கக் கிடங்குக்கு மாற்றினார்கள். உன் சாப்பாட்டு வேளை வேறு, என் வேளை வேறு. மேசை இருந்த இடத்தில் குளிர்பானம் விற்கும் ஒரு பெட்டி வந்து நின்றது. ஒரு மாதம்வரை நான் பழக்கத்தில் கதையை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றிருக்கிறேன். அந்தப் பெட்டி "உர்ர்" என்று மட்டும் சொல்லும். வகுக்கத் தெரியாத ஜென்மம்.

கிடங்கிலேயே ஓய்வு பெற்றாய். பிறகு உடம்புக்கு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் நான் வந்து உட்கார்ந்தபோது, "முதலைக்கு எந்த வகுப்பு வரைக்கும் தமிழ் தெரியும் மச்சான்?" என்று கேட்டாய். ஆறாம் வகுப்பு என்றேன். "பத்தால வகுத்தா பாலர் பள்ளியும்கூட இல்லலா" என்று சிரிக்கப் பார்த்து இருமினாய். அந்த வருட நோன்பு வருவதற்குள் போய்விட்டாய்.

துக்கத்துக்கு உன் வீட்டுக்கு வந்தபோது உன் மனைவி, என் மைனி, என் முன்னால் பிளாஸ்கையும் உன் கப்பையும் கொண்டுவந்து வைத்தார்கள். "அண்ணே, அவுக மேசைக்காக நீங்க மேனேஜர்கிட்டச் சண்ட போட்டீங்களாமே. இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லவே இல்ல பாருங்க. ஏன் மேசைய எடுத்தாகன்னு கேட்டா, சாப்பு பழசாயிருச்சும்பாக, சிரிப்பாக. வந்தவுக சொல்லித்தான் தெரியும். அல்லா உங்கள நல்லா வைக்கட்டும்" என்றார்கள். வந்தவர்களுக்குச் சொன்னது யார்? நான்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜன்னல்கள் அதிர்ந்ததுவரை சொல்லியிருந்தேன். மைனி உன் கப்பில் தே ஊற்றினார்கள். குடித்தேன். கப்பைக் கழுவி வைத்துவிட்டு, அந்தப் பொய்யோடேயே வீடு திரும்பினேன், பாய்.

அதனால் இதை இங்கேயே முடிக்கக்கூடாது. நடக்கணும்னு இருந்ததை வரைந்துவிட்டேன். நடந்ததை வரைகிறேன்.

நான் புலியாகப் பாயவில்லை. கூட்ட அறையில் என் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நீ ஒட்டிய இரண்டாவது ரோஸ் தாளில் "காரணம்: என் சாப்" என்றிருந்தது. மேனேஜருக்காகக் கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தாய். அவர் படித்தார், நீ தலையாட்டினாய், நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். சாயந்திரம் ஃபெரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் நீ வாயைத் திறந்தாய்.

"கஞ்சி வரிசையில காத்திருந்தவன்தான் பேசினான் மச்சான். நம்ம வாசல்ல பேசுறது நாம. வெயில்ல காத்திருக்கறது லோரிக்காரன். அது ஞாயமில்லலா."

"அப்ப ஏன்டா தாள்ல காரணத்த மாத்தின?" என்று கேட்டேன்.

"நீதான் பிச்சு எடுத்துட்டியே" என்றாய். கோபமே இல்லை. "உனக்கு வேணாம்னு தெரிஞ்சிச்சு. எதாச்சும் ஒரு காரணம் எழுதணும்ல." பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, அந்த முதலை அப்புறம் என்னாச்சு?" என்றாய்.

நான் சொன்னேன். ஃபெரி கரை சேரும்வரை சொன்னேன். அதைவிட மோசமான கதையை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

ஆகவே இதை வாசிக்கிறவர்களுக்கும், முக்கியமாக மைனிக்கும் தெரிவித்துக்கொள்வது: கிடாரத்துக்குள் ஃபெரி போனதில்லை. நிலாவில் மூடி இல்லை. என் தாத்தா முதலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். பட்டர்வொர்த்தில் ஒரு ஜன்னலும் அதிரவில்லை. இந்தக் கதை முழுவதிலும் ஒரு சின்னத் துண்டு மட்டும்தான் சத்தியமான உண்மை. அது உள்ளங்கையளவு இருக்கும். நான் கைவைத்துச் சத்தியம் செய்தேனே, இந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள்தான் இத்தனை வருடமாக மடித்து வைத்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை நான் பிய்த்த முதல் ரோஸ் தாள். பசை போய்விட்டது, நிறமும் வெளுத்துவிட்டது, உன் கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. நாளைக்கு மைனியிடம் கொண்டுபோய்க் காட்டப்போகிறேன். காட்டிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்வேன், என்னிடம் வேறொன்றும் இல்லை.

"இடம்: வாசல் மேசை. நேரம்: 2 மணி 10 நிமிடம். காரணம்: மச்சான் கதை சொல்றான். நான் கேக்குறேன்."

இரண்டு மணி பத்து நிமிடம். இதை மட்டும் பத்தால் வகுக்காதே, பாய்.